இருபத்தேழாம் நம்பர் ஆள்

1918 செப்டம்பர் 30, திங்கள்

கட்டில்கள் நாற்பதும் வந்து சேர்ந்தன. கால் ஆடுவது ஆறு, குறுக்குச் சட்டமே இல்லாதது இரண்டு. அனுப்பியவன் நாற்பது என்று எண்ணினானே தவிர, ஆள் படுப்பான் என்று நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இந்த ராயபுரம் கிடங்கு போன வருஷம் வரை உப்பு மூட்டை அடுக்கிய இடம். இப்போது பட்டாளத்தார் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பாஸ்ராவுக்குப் போகும் படகாட்கள் கப்பல் வரும் வரை இங்கேதான் தங்க வேண்டும். நான் இந்தத் தங்குமிடத்துக்குச் சூப்பர்வைசர். பெயர்தான் பெரிது. வேலை மூட்டைப்பூச்சி, கக்கூஸ், கஞ்சி, தலை எண்ணிக்கை. அவ்வளவுதான்.

நாற்பது பேரும் திருவொற்றியூரை அடுத்த ஒரே குப்பத்து ஆட்கள். கட்டிலைக் கண்டாலே அவர்களுக்கு ஆகவில்லை. அதற்கு அடியில் தரையில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். கேப்டன் துரை பார்வையிட வரும்போது மட்டும் மேலே ஏறி, கைகாலை நீட்டி, விறைத்துக் கிடக்கிறார்கள். "பாடையில ஏத்தின மேரி கீது ஐயா" என்றான் அவர்களுடைய தலைவன் கோதண்டம். அவன் எதையும் சிரித்துச் சொல்வதில்லை. துரைக்கு வரிசை பிடித்துப்போயிற்று. எனக்கும் சந்தோஷம்தான்.

அக்டோபர் 3, வியாழன்

வில்லை முறை நன்றாக நடக்கிறது. என் யோசனை என்று எழுதிக்கொள்வதில் தப்பில்லை. ஒவ்வொருவனுக்கும் நம்பர் அடித்த தகர வில்லை ஒன்று. வெளியே போகும்போது முற்றத்துப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பலகையைப் பார்த்தால் உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். ஆளை எண்ண வேண்டியதில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறேன். எல்லோரும் "ஹாஜர்" என்பார்கள். இருபத்தேழு மட்டும் இருக்கிறேன் என்பதை அவர்கள் பேச்சில் "கீறேன்" என்பான். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் கேட்பதில்லை. பெயர் மண்ணாங்கட்டி. "இது என்னடா பேர்?" என்றேன். "எனக்கு முன்ன பொறந்த நாலும் செத்துப் பூட்ச்சாம் ஐயா. யமன் கண்ணுல படாம கீறட்டும்னு எங்க ஆயா வெச்ச பேரு. இத்தினி வருசமா படலையே" என்றான். பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. கோபம் வரவில்லை எனக்கு. அவன் வரும்போது கிடங்கே கொஞ்சம் வெளிச்சமாகிறது என்றுகூடச் சொல்லலாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

விஷக் காய்ச்சல் பக்கத்துக் கிடங்குக்கு வந்துவிட்டது. பதினோரு பேரை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பியவன் ஒருவனும் இல்லை. மூலக்கொத்தளத்தில் குழி வெட்டுகிறவர்கள் ஆள் போதவில்லை என்கிறார்களாம்.

நம் கிடங்கில் இதுவரை இல்லை. காய்ச்சல் கண்டவனை மறைத்தால் மொத்தக் கூட்டத்துக்கும் தண்டனை என்று வாசித்துக் காட்டினேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வீட்டில் மனைவி மங்கை இருக்கிறாள். வயிற்றில் நாலு மாசம். நான் எதையாவது ஒட்டிக்கொண்டு போய் அவளுக்குக் கொடுத்துவிட்டால்?

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று கிடங்குக்குக் கந்தகப் புகை போட்டேன். துரை உத்தரவு.

ஆட்கள் ஏழு மணிக்கே துறைமுகத்தில் மூட்டை இறக்கக் கோதண்டத்தோடு போய்விட்டார்கள். பலகையில் நாற்பது வில்லையும் இருந்தன. உள்ளே போய், மூலைமுடுக்கெல்லாம் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. புகைச் சீட்டில் காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரும்புச் சட்டிகளில் கந்தகத்தைக் கொளுத்தி, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து தாழிட்டு, இடுக்குகளில் காகிதம் ஒட்டினேன். பின்பக்கம் பரணுக்கு நேராகச் சுவரில் ஒரு பலகை ஆடிக்கொண்டிருந்தது. புகை போய்விடுமே என்று ஏணி வைத்து ஏறி, நானே நாலு ஆணி அடித்தேன். எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது.

வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டேன். மத்தியானம் நல்ல தூக்கம். நாலு மணிக்கு வந்து கதவைத் திறந்துவிட்டேன். ஐந்துக்கு ஆட்கள் வந்து உள்ளே போனார்கள். எனக்கு உள்ளே நிற்க முடியவில்லை, அத்தனை இருமல். இன்று நம்பர் கூப்பிடவில்லை.

அக்டோபர் 9, புதன்

காலையில் பலகையில் ஒரு வில்லை மிச்சம். இருபத்தேழு.

எல்லோரும் கிடங்குக்குள்ளேதான் இருந்தார்கள். அப்படியென்றால் இவன் நேற்று வெளியே போனவன், திரும்பவில்லை என்று அர்த்தம். தலை எண்ணினேன். முப்பத்தொன்பது. துறைமுகத்திலிருந்து அப்படியே ஓடிவிட்டானா? கோதண்டத்தைக் கேட்டேன். "கீறான்" என்றான். எங்கே என்றேன். "கீறான் ஐயா" என்றான் மறுபடி. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

சாயங்காலம் நம்பர் கூப்பிட்டேன். இருபத்தாறு, ஹாஜர். இருபத்தேழு என்றதும் இடதுபுறம் தூண் பக்கமிருந்து, "கீறேன்."

எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, எங்கேயோ ஒளிந்து விளையாடிவிட்டு வந்திருக்கிறான். ஏட்டில் காலையில் காணவில்லை என்று எழுதியதை அடித்துவிட்டு ஹாஜர் என்று எழுதினேன். விளக்கைத் தூக்கிப் பார்ப்பதற்குள் எல்லோரும் கலைந்துவிட்டார்கள்.

அக்டோபர் 10, வியாழன்

வில்லை இன்னும் பலகையில்தான் தொங்குகிறது. எண்ணினால் முப்பத்தொன்பது. கூப்பிட்டால் நாற்பது.

இன்று சத்தம் வாசல் பக்கமிருந்து வந்தது. நேற்று தூண்.

அக்டோபர் 12, சனி

யாரோ என்னோடு விளையாடுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்று நம்பர் கூப்பிடும்போது ஏட்டைப் பார்க்காமல் ஆட்களின் வாயையே பார்த்துக்கொண்டு கூப்பிட்டேன். எந்த வாயும் அசையவில்லை. சத்தம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினால் அங்கே எட்டுப் பேர் நிற்கிறார்கள், எட்டுப் பேரும் என்னைப் பார்க்கிறார்கள். இதுதான் என்னை என்னவோ செய்கிறது. மற்ற நம்பர்களுக்கு அவனவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஹாஜர் சொல்கிறான். இருபத்தேழு என்றதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புகிறது. கோபமாகப் பார்த்தாலும் தேவலை. கோபம் இல்லை. காத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பார்வை.

இருபத்தேழாம் கட்டிலின் கால்மாட்டில் ஒரு தட்டுக் கஞ்சி வைத்திருந்தது. மேலே ஏடு கட்டியிருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

மண்ணாங்கட்டியின் மனைவி வந்தாள். சொக்கம்மாள் என்று பெயர் சொன்னாள். திருவொற்றியூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். வாசற்படிக்கு அப்பால் நின்றுகொண்டு, "எங்க வூட்டுக்காரரு கீறாரா ஐயா?" என்று கேட்டாள்.

ஏட்டில் ஹாஜர் என்றுதானே இருக்கிறது? இருக்கிறான் என்றேன்.

தலையை ஆட்டினாள், போய்விட்டாள். இவ்வளவு தூரம் நடந்து வந்தவள், கூப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு தடவை உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அக்டோபர் 19, சனி

சொக்கம்மாள் மறுபடி. அதே கேள்வி. இருக்கிறான் என்றேன். போய்விட்டாள்.

எழுதிவிடுகிறேன், எழுதினால் பாரம் குறையும். கதவைச் சாத்தியபோது உள்ளே ஆள் இருந்தானா? பத்து நாளாக மண்டைக்குள் இது ஒன்றுதான் ஓடுகிறது. இருந்திருக்க முடியாது. வில்லை நாற்பதும் பலகையில் இருந்தன. நாலு மணிக்குத் திறந்தபோது நான் பார்த்தவரை கட்டில்கள்தான் இருந்தன. செத்திருந்தால் பிணம் எங்கே? ஆகவே ஓடிவிட்டான். ஓடியவனைக் காப்பாற்ற இவர்கள் குரல் கொடுக்கிறார்கள். சரியாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறார்கள்?

அக்டோபர் 24, வியாழன்

காலையில் காப்பி கொடுக்கும்போது மங்கை கேட்டாள்: "தூக்கத்துல யாருக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"என்ன சொன்னேன்?"

"கீறேன், கீறேன்னு. ரெண்டு மூணு தடவை. உங்களுக்கு இந்தப் பேச்சு எப்ப வந்துச்சு?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

 எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

காலை பத்து மணி. முப்பத்தொன்பது பேரும் துறைமுகத்தில். நல்ல வெயில், கிடங்குக் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. இன்றைக்கு இதை முடித்துவிடலாம் என்று நடுவில் போய் நின்று ஏட்டைத் திறந்து கூப்பிட்டேன். இருபத்தைந்து. பதில் இல்லை. இருபத்தாறு. பதில் இல்லை. இருபத்தேழு.

"கீறேன்."

சொன்னது நான்தான். என் வாய்தான் சொல்லிற்று. சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. பள்ளிக்கூடத்தில் பேசினால் பிரம்படி கிடைக்கும். ஆனால் வந்தது. அந்த இழுப்போடு, அவன் சொல்கிற மாதிரியே.

 பிறகு ஏணியை எடுத்து வந்து பரணில் ஏறினேன். இந்த மூன்று வாரமாக நான் ஏறாத இடம் அது ஒன்றுதான் என்பது ஏறும்போதுதான் உறைத்தது. பழைய பாய்மரத் துணிச் சுருள்கள். அதற்குப் பின்னால் ஒரு கோரைப் பாய், ஒரு தண்ணீர்ச் சொம்பு. சுவரில் நான் வெளியிலிருந்து ஆணி அடித்த அந்தப் பலகை. உள்பக்கம் சுண்ணாம்பு முழுக்கப் பிறாண்டியிருந்தது. அடியிலிருந்து மேலே, மேலிருந்து கீழே. நாலு நாலு கோடாக. ஒரு கோட்டின் முடிவில் நகம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

எட்டாம் தேதி எழுதியது பொய். நான் உள்ளே போகவில்லை. சட்டிகளை வாசற்படிக்கு உட்புறம் கையை நீட்டி வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கொளுத்தினேன். கதவைச் சாத்தினேன். காய்ச்சல் காற்று உள்ளே இருக்கும் என்று பயம். பரணைப் பார்த்தேனா? வாசலைத் தாண்டவே இல்லை. பலகையில் நாற்பது வில்லை இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டேன். என் டைரியில் எனக்கே பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று அதை எழுதினேனோ தெரியவில்லை.

அக்டோபர் 30, புதன்

கிடங்குக்குப் பின்னால் ரசூல் பீவியின் குடிசை. ஆப்பம் சுட்டு விற்கிறவள். அவள் முற்றத்தில் நின்றால் அந்தப் பலகை நேராகத் தெரியும். போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல் ஆப்பம் வாங்கினேன். அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு உங்க ஆளு ஒருத்தன் வருவான்னு கோதண்டம் சொல்லிட்டுப் போச்சு தம்பி. காய்ச்சல்காரன், பலகைய நவுத்திக்கினு எறங்கி வருவான், வேலை முடிஞ்சு நாங்க வர்ற வரைக்கும் உங்க வூட்ல படுக்க வெய்யின்னுச்சு. பாய் போட்டு, கஞ்சி காய்ச்சி வெச்சேன். வரவே இல்ல."

"சத்தம் ஏதாவது கேட்டதா?"

"கேட்டுச்சே. ஒம்பது மணி இருக்கும். டொக்கு டொக்குனு. நான் உள்ள அடுப்பாண்ட இருந்தேன், நீங்க ஆணி அடிச்சுக்கினு கீறீங்கன்னு நெனச்சேன். அப்பால கொஞ்சம் கொஞ்சமா நின்னு பூட்ச்சு."

நான் எட்டு மணிக்கு ஆணி அடித்து முடித்துவிட்டேன். ஒன்பது மணிக்கு வீட்டில் குளித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2, சனி

தீபாவளி. கிடங்கில் ஒருவரும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 6, புதன்

சொக்கம்மாள். சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். நேற்று முழுக்க வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவள் வந்து நின்று கேட்டாள். வாயைத் திறந்தேன். இருக்கிறான் என்றுதான் வந்தது.

இந்தத் தடவை அவள் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்று, இன்னும் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தாள். நெற்றியில் பொட்டு பெரிதாக இருந்தது. கழுத்தில் தாலிச் சரட்டுக்குப் புதிதாக மஞ்சள் பூசியிருந்தாள்.  போய்விடம்மா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவள் போனதும் கக்கூஸ் பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

சண்டை நின்றுவிட்டதாம். கோட்டைப் பக்கம் பீரங்கி முழங்கிற்று. கப்பல் வராது. கிடங்கைக் காலி செய்ய உத்தரவு. ஒவ்வொரு நம்பருக்கு எதிரிலும் வீட்டுக்குப் போனான், இறந்தான், ஓடிப்போனான் என்று ஏதாவது ஒன்றை எழுதி, சனிக்கிழமைக்குள் ஏட்டை முடித்துக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 13, புதன்

துரையிடம் போனேன். இருபத்தேழை எட்டாம் தேதியிலிருந்து காணவில்லை, புகை போட்டபோது உள்ளே இருந்திருக்கலாம் என்று சொன்னேன். இருந்தான் என்று சொல்லவில்லை. இருந்திருக்கலாம் என்றேன். அவ்வளவுதான் தைரியம்.

துரை புகைச் சீட்டை எடுத்துப் பார்த்தார். காலி என்று என் கையெழுத்து. பிறகு ஏட்டைப் புரட்டினார். எட்டாம் தேதிக்குப் பிறகு தினமும் ஹாஜர், அதுவும் என் கையெழுத்து. செத்தவன் எப்படி ஹாஜர் சொன்னான் என்று கேட்டார்.  ஓடிப்போனான் என்று எழுதிவிடு, எல்லோருக்கும் அதுதான் நல்லது என்றார். பல்லாவரத்தில் புதிய பாரக்ஸுக்கு நிரந்தரச் சூப்பர்வைசர் வேண்டும், உன் பேரைத்தான் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னார்.

ஓடிப்போனான் என்று எழுதினால் போலீஸ் குப்பத்துக்குப் போகும். அவள் வீட்டைக் கிளறுவார்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் துறைமுகத்தில் இனி வேலை கிடையாது. அவளுக்குப் புருஷன் பட்டாளத்தை ஏமாற்றி ஓடியவன் என்ற பேர் நிற்கும். இறந்தான் என்று எழுதினால் எப்படி என்று கேட்பார்கள்.

மங்கையிடம் பல்லாவரத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். தொட்டில் கட்ட உத்தரம் இருக்குமா அந்த வீட்டில் என்று கேட்டாள்.

நவம்பர் 14, வியாழன்

இன்று சாயங்காலம் நம்பர் கூப்பிடவில்லை. கோதண்டத்தைத் தனியாகக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன். படகு இழுக்கிற இடத்தில் உட்கார்ந்தோம்.  நான்தான், "எங்கேடா போட்டீர்கள் அவனை?" என்றேன்.

"கடல்ல" என்றான். "அன்னிக்கே. பாய்மரத் துணில சுத்தி."

எல்லாவற்றையும் சொன்னான். மண்ணாங்கட்டிக்கு ஆறாம் தேதியே காய்ச்சல். கொட்டகைக்குப் போனால் திரும்பமாட்டான் என்று பரணில் வைத்திருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது அவன் வில்லையைக் கோதண்டமே பலகையில் மாட்டிவிட்டான். புகை போடக் கதவைச் சாத்திவிட்டு நான் அந்தப் பக்கம் போனதும் மண்ணாங்கட்டி பின்பலகை வழியாக இறங்கிவிடுவான் என்று ஏற்பாடு. ஐந்து மணிக்குத் திரும்பிப் பரணில் ஏறியபோது பார்த்திருக்கிறார்கள்.

"அப்புறம் ஏன் தினமும் அவன் குரலில் பதில் சொல்கிறீர்கள்? யார் சொல்கிறது?"

"ஆளுக்கு ஒரு நாளு. மொத நாளு நானு."

"ஏன்?"

நான் என்ன கேட்கிறேன் என்றே புரியாதவன் போல என்னைப் பார்த்தான். பிறகு நிதானமாகச் சொன்னான். "எங்க குப்பத்துல வயக்கம் அது ஐயா. படகுல போற ஆளு கடல்ல பூட்டான்னா, சுக்கான் புடிச்சுக்கினு இருந்தவன்தான் அவன் வூட்டு வாசல்ல போயி சொல்லணும். வேற எவனும் சொல்லக் கூடாது. அவன் சொல்ற வரைக்கும் ஆளு கீறான். கரையில பேரு கூப்டா நாங்க கொரலு குடுக்கணும். அவன் பொஞ்சாதி பொட்டு வெச்சுக்கணும். பதினாறும் கெடையாது, கருமாதியும் கெடையாது."

"இது படகு இல்லையே."

"கதவு உங்க கையில கீதே."

 சொக்கம்மாளுக்கு எதுவும் தெரியாதா என்று கேட்டேன்.

"மூணாம் நாளே தெரியும். வில்லைய மாட்டினவன் நானுன்னு அவ கால்ல வுழுந்து என் பங்க சொல்லிட்டேன். பாதி சொல்லிட்ட, மீதிய அவரு சொல்லட்டும்னா. அதுக்குத்தான் உங்க வாசலுக்கு நடந்துக்கினு கீறா."

ஆக, அவள் புருஷனைத் தேடி வரவில்லை. நான் சொல்வேனா என்று கேட்க வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் இருக்கிறான் என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் முப்பத்தொன்பது பேர் என் எதிரில் நின்று, இன்றைக்காவது சொல்வான் என்று என் வாயைப் பார்த்திருக்கிறார்கள். நான் ஹாஜர் போட்டுக்கொண்டிருந்தேன். சீ.

நவம்பர் 15, வெள்ளி

ஏட்டில் எழுதினேன்: இருபத்தேழு, மண்ணாங்கட்டி. அக்டோபர் எட்டாம் தேதி காலை, கிடங்கில், கந்தகப் புகையில் இறந்தான். உள்ளே பார்க்காமல் காலி என்று கையெழுத்துப் போட்டது சூப்பர்வைசர் ரகுபதி. அதன் பிறகு போட்ட ஹாஜர் எல்லாம் தவறு. படகாட்கள் காய்ச்சலை மறைத்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

மங்கையிடம் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள்.  "பல்லாவரம் வேணாம்" என்றாள் கடைசியில். அழுதாளா என்று தெரியவில்லை, அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 16, சனி

துரை படித்தார். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றார். மாட்டேன் என்றேன். நான் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. சாவிக் கொத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். விசாரணை வரும், ஊரை விட்டுப் போகாதே என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

திருவொற்றியூருக்கு நடந்தே போனேன். வண்டியில் போகக் கூடாது என்று தோன்றிற்று. கோதண்டமும் மற்றவர்களும் நேற்றே ஊர் திரும்பிவிட்டார்கள். மணலில் வலை காயப்போட்டிருந்த இடத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. எந்த வீடு என்று ஒருவன் கையை மட்டும் காட்டினான்.

சொக்கம்மாள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"உன் புருஷன் செத்துவிட்டான் அம்மா" என்றேன்.

"கதவ யாரு சாத்தினது?"

"நான்."

"பலகைல ஆணி?"

"நான்தான்."

"சாத்தறதுக்கு முன்ன உள்ள பாத்தியா?"

"பார்க்கவில்லை."

"ஏன் பாக்கல?"

வில்லை நாற்பது இருந்தது என்று சொல்லலாம். உத்தரவு என்று சொல்லலாம். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று சொல்லலாம். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

"பயம்" என்றேன். "காய்ச்சல் எனக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தேன்."

 அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள், நெற்றிப் பொட்டைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். நாற்பது நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். என்னைத் தாண்டித்தான் போனார்கள், யாரும் என்னை விலகச் சொல்லவில்லை. பொழுது சாயும் வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.